தேடுவதற்கு பைனாகுலர், சுடுவதற்கு ஸ்கோப்

ரைஃபிளில் பூட்டிய ஸ்கோப், அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி, எதைப் பார்க்கிறதோ, அதைத்தான் குழலும் பார்க்கிறது. வேட்டைக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும், எதிர்ச்சரிவில் ஏதாவது அசைந்தால் கை தானாகத் துப்பாக்கியைத் தூக்குகிறது. "என்னன்னு பார்த்துடுவோம்" என்று கண் ஸ்கோப்புக்குப் போய்விடுகிறது. என்ன என்று தெரியாத ஒன்றை நோக்கி, தோட்டா ஏற்றிய துப்பாக்கி நீண்டிருக்கிறது என்பது அந்த நொடியில் யாருக்கும் உறைப்பதில்லை. உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, சட்டப்படி வேட்டையாடுகிறவர்களிடம்கூட நான் அதிகம் பார்த்த ஆபத்தான பழக்கம் இதுதான்.

எனக்கு வேட்டை பழக்கிய பெரியவர் முதல் பருவம் முழுக்க என் கையில் துப்பாக்கியே கொடுக்கவில்லை. ஒரு பைனாகுலரை மட்டும் மாட்டிவிட்டு, தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "தம்பி, அந்தப் புதருக்கு இடப்பக்கம் என்ன?" என்பார். மான் என்றால் போதாது. ஆணா பெட்டையா, கூட எத்தனை, அதற்குப் பின்னால் மண் மேடா வெட்டவெளியா, நமக்கும் அதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் "அப்போ இன்னும் பாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்போது எனக்கு அது பெரிய தண்டனையாகத் தெரிந்தது. இன்று புதிதாக வருகிறவர்களை நானும் அப்படித்தான் பழக்குகிறேன்.

அதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது, ஒரு நாள் நானே இன்னொருவருடைய ஸ்கோப்புக்குள் இருந்தபோது. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவை பைனாகுலரால் மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தேன். பாறை ஒன்றின் பக்கத்தில் ஆரஞ்சு நிறம் பட்டது; மற்றவர் கண்ணில் படுவதற்காக வேட்டைக்காரர்கள் போடும் உடையின் நிறம். ஃபோகஸைத் திருத்தினேன். ஆள்தான், ஆனால் முகம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி, அதற்குக் கொஞ்சம் கீழே சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. குழலின் வாய். நான் பைனாகுலரால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரைஃபிளால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி நேர்ந்தால் கையை ஆட்டக் கூடாது. சீட்டி அடிப்பதும் கூடாது. புதருக்குள் திடீரென்று அசைகிற எதுவும் விலங்காகத் தெரியலாம். அசையாமல் இருந்து, மனிதக் குரலில், தெளிவாக, உரக்கக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் பருத்த மரம் இருந்தால் அதன் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு கூப்பிடுவது இன்னும் நல்லது. என் பக்கத்தில் அப்படி ஒரு மரம் இருந்தது. "இங்கே ஆள் இருக்கேன்" என்று நான் கத்திய பிறகு குழல் மெல்லக் கீழே இறங்கியது.

மதியம் வண்டி நிறுத்தும் இடத்தில் அவரைச் சந்தித்தேன். நல்ல மனிதர். "ஆள்தானான்னு உறுதி பண்ணிக்கத்தான் பார்த்தேன். சேஃப்டி போட்டிருந்தேன், விரலும் ட்ரிக்கர்ல இல்ல" என்றார். மனதறிந்து பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஆனால் சேஃப்டி என்பது துப்பாக்கி வெடிக்காமல் தடுக்கும் ஒரு இயந்திரப் பாகம், அவ்வளவுதான். தேயும், அழுக்கு அடையும், கையுறை பட்டு நகரும். குழல் யாரையும் நோக்காமல் இருந்தால், அது கைவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவரிடம் பைனாகுலர் இல்லை. "அது வேற ஒரு சுமை, ஸ்கோப்தான் இருக்கே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் பிரச்சினை முழுக்க இருக்கிறது.

ஸ்கோப்பால் தேடுவதில் இன்னொரு கேடு உண்டு. துப்பாக்கியைத் தூக்கியவுடனேயே மனம் சுடுவதற்குத் தயாராகிவிடுகிறது. நாடி ஏறுகிறது, மூச்சு குறைகிறது. விடியற்காலையிலிருந்து மானை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு, பழுப்பாக எது அசைந்தாலும் அதில் மான்தான் தெரியும். காதுபோல ஒரு இலை, கொம்புபோல ஒரு கிளை; மீதியை மூளை வரைந்துகொள்ளும். வயதான, அனுபவமுள்ள வேட்டைக்காரர்களும் இதற்கு விலக்கில்லை. பைனாகுலர் கையில் இருக்கும்போது அந்த அவசரம் இல்லை, ஏனென்றால் அதில் அழுத்துவதற்கு ட்ரிக்கர் கிடையாது.

ஒரு மாலை நானும் ஒரு நண்பரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்தோம். அவர் என் தோளைத் தொட்டு, "படுத்திருக்கு, முதுகு தெரியுது" என்றார். வெறும் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. புதருக்கு அடியில் பழுப்பாக, கிடைமட்டமாக ஒரு கோடு. பைனாகுலரை எடுத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிப் பார்த்தேன். கோடு அசையவில்லை. வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோது கோட்டின் ஒரு ஓரத்தில் ஏதோ பளிச்சிட்டது. பட்டையில் கோத்த பக்கிள். அது ஒருவருடைய முதுகுப்பை. பைக்குப் பக்கத்தில் அவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்; ஆரஞ்சு மேலுடையும் போட்டிருந்தார். அந்தி வெளிச்சத்தில் அது மண் நிறமாக மங்கிக் கிடந்தது.

ஆரஞ்சு போட்டிருந்தால் எப்போதும் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த உடைகளின் துணி பகல் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருவதால்தான் அப்படி ஒளிர்கிறது. வாங்க வெளிச்சம் இல்லாவிட்டால் ஒளிராது. அதோடு இருட்டு ஏற ஏற, நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் ஓய்ந்து, மங்கலில் பார்க்கும் செல்கள் வேலையை ஏற்கின்றன. அவற்றுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் கருமையாகவே படும். மான்கள் நடமாடத் தொடங்கும் நேரமும் அதுதான், நம் கண் ஏமாறத் தொடங்கும் நேரமும் அதுதான்.

1988-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், தன் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் மான் என்று நினைத்துச் சுடப்பட்டு இறந்தார். அவர் கையில் வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். அந்தப் பகுதியில் உள்ள மானின் வாலடி வெள்ளையாக இருக்கும். சுட்டவர் ஸ்கோப் வழியாகப் பார்த்துத்தான் சுட்டார். இலக்கை அடையாளம் காண்பது பற்றி அம்மாநிலத்தில் இன்று தனிச் சட்டம் இருக்கிறது. விலங்கின் தலையும் உடலும் மறைப்பின்றித் தெரிய வேண்டும் என்று அது சொல்கிறது. சத்தத்தையோ நிறத்தையோ அசைவையோ மட்டும் நம்பிச் சுடுவதை அது ஏற்பதில்லை. நீங்கள் எந்த நாட்டில் வேட்டையாடினாலும் இந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். தலையும் உடலும் முழுதாகத் தெரியும்வரை ரைஃபிள் தோளுக்கு வர வேண்டாம்.

ஸ்கோப் எவ்வளவு கொஞ்சம் காட்டுகிறது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. சாதாரண 8x42 பைனாகுலரில் (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி) 100 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 13 மீட்டர் அகலம் தெரியும். பரவலாகப் புழங்கும், 3 முதல் 9 மடங்கு வரை மாற்றக்கூடிய 3-9x40 ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்தால் அதே தூரத்தில் தெரிவது 4, 5 மீட்டர்தான். மானுக்கு ஒன்பது, பத்து அடி பக்கத்தில் ஒருவர் நின்றாலும் அந்த வட்டத்துக்குள் வரமாட்டார். போதாததற்கு, உருப்பெருக்கம் கூடக் கூடத் தூரம் சப்பையாகிவிடும். மானும் அதற்கு 200 மீட்டர் பின்னால் இருக்கிற வேலியும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும், அல்லது வேலி மங்கலாகி மறைந்தே போகும். அதனால் பின்னணியைப் பார்க்கும் வேலையும் பைனாகுலருடையது. விலங்கின் மேல் ஃபோகஸ் செய்த பிறகு, சக்கரத்தை நகர்த்தி அதற்குப் பின்னால் இருப்பதன் மேல் ஒருமுறை ஃபோகஸ் செய்யுங்கள். முன்னால் இருக்கும் கிளைகளின் மேலும் ஒருமுறை. இதற்கு ஆகும் நேரம் சில நொடிகள்தான்.

மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் விலங்கை நான் சுடுவதே இல்லை. கூட வருகிறவர்களையும் சுட விடுவதில்லை. சின்ன .22 தோட்டாவின் குண்டே ஏறத்தாழ 2 கி.மீ.க்கு மேல் போகக்கூடியது. மான் வேட்டைக்கான பெரிய ரைஃபிள்களின் குண்டு 4 கி.மீ.யைத் தாண்டவும் கூடும். உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை எந்தக் கண்ணாடியும் காட்டாது.

பைனாகுலரில் எல்லாம் உறுதியான பிறகு ரைஃபிளை எடுக்கும் விதத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. கண் விலங்கின் மேலேயே இருக்கட்டும். குழலை யாரும் இல்லாத பக்கமாகவே வைத்து உயர்த்தி, கன்னம் பதிந்த பிறகு ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நடக்கும்போதும் காத்திருக்கும்போதும் ஸ்கோப் எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்திலேயே இருக்க வேண்டும். 9 மடங்கில் வைத்துத் தூக்கினால் விலங்கு வட்டத்தில் சிக்காது. குழலை அங்கும் இங்கும் ஆட்டித் தேடும்படி ஆகும். மறுபடியும் ஸ்கோப்பால் தேடும் நிலைக்குத்தான் வந்து நிற்போம். இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கப் பழகியவர்களுக்குப் பக்கவாட்டில் வரும் ஆளும் நாயும் தெரியும். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு இலக்கில் நிலைத்த பிறகுதான் விரல் ட்ரிக்கருக்குப் போக வேண்டும்.

இனி, ஸ்கோப் வைத்திருப்பவர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம். ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்தைவிட 4, 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஸ்கோப் பார்க்கும் பாதை காலியாக இருந்தாலும், குண்டு போகும் பாதை காலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாறை மேல் படுத்து, பையில் ரைஃபிளைச் சாய்த்துக் குறிவைத்துக்கொண்டிருந்த ஒரு இளைஞனைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அவன் ஸ்கோப்பில் மான் சுத்தமாகத் தெரிந்திருக்கும். குழலின் வாய்க்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பாறையின் விளிம்பு மேடாக எழும்பி நின்றது. நேராக அதன் மேல்தான் குழல் நோக்கியிருந்தது. "விரலை எடு" என்றேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. எழுந்து பக்கத்தில் வந்து குழலைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் குண்டு பாறையில் பட்டிருந்தால் கல்லும் உலோகமும் சிதறி முதலில் அவன் முகத்துக்குத்தான் வந்திருக்கும். வேலிக் கட்டை, விழுந்த மரம், மண்வரப்பு என்று எதில் சாய்த்தாலும் இது நடக்கலாம். படுத்தோ சாய்த்தோ சுடுவதற்கு முன் ஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, குழலின் முனையையும் அதற்கு முன்னால் இருப்பதையும் வெறும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள்.

புருவத்தில் பிறை வடிவத் தழும்பு உள்ளவர்களை வேட்டைக்காரர்கள் நடுவில் பார்க்கலாம். கண்ணை ஸ்கோப்புக்கு மிக அருகில் வைத்ததால், சுட்டவுடன் ரைஃபிள் பின்னால் உதைத்து, ஸ்கோப்பின் விளிம்பு வெட்டிய காயம் அது. பெரும்பாலான ரைஃபிள் ஸ்கோப்புகளுக்குக் கண்ணிலிருந்து 8 முதல் 10 செ.மீ. இடைவெளி தேவை. மேட்டை நோக்கிச் சுடும்போதும், படுத்துச் சுடும்போதும் தலை தானாக முன்னால் போய்விடும். இரவல் வாங்கிய ரைஃபிளில் இன்னும் ஆபத்து, ஏனென்றால் ஸ்கோப்பை அதன் சொந்தக்காரரின் கழுத்து நீளத்துக்கும் கை நீளத்துக்கும் ஏற்றபடி பொருத்தியிருப்பார்கள். ரைஃபிளின் பின்கட்டையைத் தோளில் இறுக்கமாகப் பதித்து, படம் முழு வட்டமாக, ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் தெரியும் இடத்தில் தலையை நிறுத்துங்கள். அந்த இடத்துக்காகக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் ஸ்கோப்பைத்தான் நகர்த்திப் பொருத்த வேண்டும்.

பைனாகுலரைத் தூக்கி வருவதே சுமை என்று சொல்பவர்களில் பலர், அதைத் தங்கள் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளாதவர்கள். படம் மங்கலாக இருக்கும், தலை வலிக்கும், பைக்குள் போட்டுவிடுவார்கள். முதலில் இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து, ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, வலது கண்ணுக்கான வளையத்தைத் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை அதற்குப் பிறகு தொட வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்குவளையை உள்ளே இறக்கிக்கொண்டால்தான் முழு வட்டமும் தெரியும்.

8 மடங்கா 10 மடங்கா என்று கேட்பவர்களிடம் நான் 8 என்றுதான் சொல்வேன். கை நடுக்கம் குறைவாகத் தெரியும், அகலமாகத் தெரியும், அந்தியில் வெளிச்சமாகவும் இருக்கும். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8x42-க்கு 5.25 மி.மீ., 10x42-க்கு 4.2 மி.மீ., சட்டைப்பையில் போடும் 10x25-க்கு வெறும் 2.5 மி.மீ. இருட்டில் நம் கண்மணி அதைவிட நிறையவே விரியும் என்பதால், சின்ன பைனாகுலரில் அந்தி நேரத்துப் படம் கறுத்துவிடும். மனிதர்களையும் மான்களையும் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியமான நேரத்தில் அது உதவாது. வெட்டவெளியில், முக்காலியில் வைத்து வெகுதூரம் பார்ப்பவர்களுக்கு 10 நன்றாக இருக்கும்.

கழுத்துக் கயிற்றில் தொங்கும் பைனாகுலர் குனியும்போதெல்லாம் ஆடி ரைஃபிளில் இடிக்கும். மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போது படியில் மாட்டும். மார்போடு பிடித்துக்கொள்ளும் நான்கு பட்டைக் கச்சை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கையால் எடுக்கலாம், மற்றக் கை ரைஃபிளின் கட்டுப்பாட்டை விடாது. எளிதாக எடுக்க முடிந்தால்தான் அதை எடுக்கும் பழக்கம் வரும் என்பதால் இதை நான் வசதிக்கான பொருளாக நினைப்பதில்லை.

சூரியன் தாழ்ந்திருக்கும் பக்கத்தை பைனாகுலராலோ ஸ்கோப்பாலோ துழாவ வேண்டாம். ஒரு கணம் சூரியன் உள்ளே வந்தாலும் விழித்திரை நிரந்தரமாகக் கெடலாம். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் கெட்டது அப்போது தெரியவும் செய்யாது.

குளிரில் மூச்சுக்காற்று பட்டு ஸ்கோப்பின் கண்ணாடி மூடிக்கொள்ளும். துடைக்கும் அவசரத்தில் தோட்டா ஏற்றிய ரைஃபிளைத் தன் பக்கமாகத் திருப்பி முன்கண்ணாடியைத் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடியைக் கழற்றவும், மழைத்துளியைத் துடைக்கவும், திருகை இறுக்கவும், எதற்காக இருந்தாலும் முதலில் போல்ட்டைத் திறந்து, தோட்டாக்கள் இருக்கும் மேகசினை எடுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அதுவரை கண்ணாடி மங்கலாகவே இருக்கட்டும்.

ரைஃபிள் கீழே விழுந்தாலோ, வண்டியில் நீண்ட தூரம் குலுங்கி வந்தாலோ, சுடுதளத்தில் ஜீரோவை, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்தில்தான் குண்டு படுகிறதா என்பதை, சரிபார்க்காமல் விலங்கை நோக்கிச் சுட வேண்டாம். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் திருகின் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ.தான், ஆனால் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்தில் தளர்ந்த ஒரு திருகு குண்டைச் சாண் கணக்கில் விலக்கிவிடும். காயப்பட்டு ஓடும் விலங்கின் வேதனைக்கு நாம்தான் பொறுப்பு.

இப்போது உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவிகள் பரவலாகி வருகின்றன. சில இடங்களில் அவற்றுக்கு அனுமதி உண்டு, சில இடங்களில் இல்லை. வெப்பத்தைக் காட்டுவதில் அவை அபாரமானவை. ஆனால் தொலைவில் குத்தவைத்திருக்கும் மனிதனும் ஒரு காட்டுப்பன்றியும் அதில் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டாகத் தெரியலாம். வேலிக் கம்பி தெரியாது, மெல்லிய கிளை தெரியாது, பின்னால் மண் மேடு இருக்கிறதா என்பதும் சரியாகத் தெரியாது. வைத்திருப்பவர்கள் கையில் பிடிக்கும் தனிக்கருவியைத் தேடப் பயன்படுத்துங்கள். ரைஃபிள் மேல் பூட்டிய தெர்மலால் தேடுவது, பகலில் ஸ்கோப்பால் தேடுவதைவிட மோசம்.

கூட வருகிறவர் ஸ்கோப்பால் தேடுவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். வயதில் பெரியவராக இருந்தாலும் சொல்லுங்கள். நான் என் உபரி பைனாகுலரை நீட்டி "இதால பாருங்க அண்ணே" என்பேன்; பெரும்பாலோர் வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் எத்தனை முறை சொல்லியும் சிரித்துக்கொண்டே ஸ்கோப்பைத்தான் தூக்கினார். அவரோடு இன்றும் பேசுகிறேன், வீட்டு விசேஷங்களுக்குப் போகிறேன். வேட்டைக்கு மட்டும் சேர்ந்து போவதில்லை. காரணத்தையும் அவரிடம் நேராகச் சொல்லியிருக்கிறேன்.